சிறு விமானத்தில் நாயின் செவி

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்குச் சுபாங் விமான நிலையம் நன்கு பழக்கமான இடம். 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அது, 1998ஆம் ஆண்டு சிப்பாங்கில் புதிய அனைத்துலக விமான நிலையம் திறக்கப்படும்வரை நாட்டின் முதன்மை வான் வாயிலாக விளங்கியது. நெடுந்தூர விமானங்கள் சிப்பாங்கிற்கு இடம்பெயர்ந்த பின்னர், விசிறியால் இயங்கும் விமானங்களும் தனியார் சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சுபாங்கைத் தளமாகக் கொண்டன.

அங்கே ஒரு சிறு விமானம் புறப்படத் தயாராக நிற்பதாக எண்ணிக்கொள்வோம். நான்கு இருக்கைகளும் ஓர் இயந்திரமும் மூக்கில் ஒரு விசிறியும் கொண்ட விமானம் அது. விமானி இருக்கையில் அமர்ந்தவுடன் காதுகளை முழுவதுமாக மூடும் ஹெட்செட்டை அணிந்துகொள்கிறார். அருகில் இருக்கும் பயணிக்கும் ஒன்று தரப்படுகிறது. பின்னிருக்கையில் அவர்களுடைய வளர்ப்பு நாய் படுத்திருக்கிறது. இயந்திரம் முடுக்கப்படுகிறது. மூன்று உயிர்கள் ஒரே சிறிய அறைக்குள் ஒரே இரைச்சலைக் கேட்கப் போகின்றன. இரண்டு பேருக்குக் கவசம் உண்டு. மூன்றாவது உயிருக்கு இல்லை. நான்கு கால்களாலும் இருக்கையைப் பற்றிக்கொண்டு அது மௌனமாக இருக்கிறது. அந்த மௌனத்தைப் பார்த்து, "நம்ம நாய்க்குச் சத்தமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை" என்று மனிதர் மகிழ்ந்துவிடக்கூடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நாயின் செவிக்கு விமானத்தில் என்ன நேர்கிறது என்பதை அறிய, முதலில் இரைச்சலை அளக்கத் தெரிய வேண்டும். ஒலியின் வலிமை டெசிபல் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. இருவர் இயல்பாகப் பேசிக்கொள்வது ஏறத்தாழ 60 டெசிபல். வாகனங்கள் நிறைந்த சாலையோரத்தில் அது 80 டெசிபலைத் தொடலாம். இந்த எண்களைச் சாதாரண எண்களைப்போல் கூட்டிக் கழிக்கக்கூடாது. 10 டெசிபல் உயர்ந்தால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது. 3 டெசிபல் மட்டுமே உயர்ந்தாலும் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆகவே, 85க்கும் 88க்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்று நினைப்பது தவறு. 88 டெசிபல் இரைச்சலில் நான்கு மணி நேரம் இருப்பதும் 85 டெசிபல் இரைச்சலில் எட்டு மணி நேரம் இருப்பதும் செவிக்கு ஒரே சுமைதான்.

மலேசியாவில் தொழிலாளர்களின் செவியைக் காக்கச் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த பணியிட இரைச்சல் விதிமுறைகளின்படி, ஒரு தொழிலாளர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரக் கணக்கில் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலுக்கு ஆளாகக்கூடாது. எந்த நொடியிலும் 115 டெசிபலைத் தாண்டவும் கூடாது. கிள்ளான் துறைமுகத்தில் பளு தூக்குபவருக்கும் ஷா ஆலாம் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவருக்கும் இவ்விதி பொருந்தும். பின்னிருக்கையில் படுத்திருக்கும் நாய் தொழிலாளர் அன்று. எனவே, அவ்விதி அதனைக் காக்காது. எனினும், அந்த எண்களை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சிறு விமானத்தின் உள்ளே, பறக்கும்போது இரைச்சல் பெரும்பாலும் 90 முதல் 100 டெசிபல் வரை இருக்கும். 94 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கினால் 85க்கு எட்டு மணி, 88க்கு நான்கு, 91க்கு இரண்டு, 94க்கு ஒரே ஒரு மணி நேரம். சுபாங்கிலிருந்து பினாங்கிற்கு வான்வழித் தொலைவு ஏறக்குறைய 285 கிலோமீட்டர். மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறு விமானத்திற்கு அப்பயணம் ஒன்றேகால் மணி நேரத்திற்கு மேல் பிடிக்கும். போய்ச் சேர்வதற்குள்ளேயே ஒரு நாளைய வரம்பு முடிந்துவிடுகிறது. அதே நாளில் திரும்பி வந்தால் அது இரண்டு மடங்கைக் கடந்துவிடும். 100 டெசிபலாக இருந்தால் வரம்பு வெறும் பதினைந்து நிமிடம். விமானம் ரவாங்கைத் தாண்டிச் சிறிது தூரம் செல்வதற்குள் அது தீர்ந்துவிடும்.

இவ்வளவு இரைச்சல் எங்கிருந்து வருகிறது? இதையும் ஓர் எளிய கணக்கால் அறியலாம். சிறு விமானத்தின் விசிறி நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,400 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 40 முறை. விசிறிக்கு இரண்டு இறக்கைகள் இருந்தால், நொடிக்கு 80 முறை ஓர் இறக்கை காற்றை வெட்டிச் செல்கிறது. நான்கு உருளைகள் கொண்ட இயந்திரத்திலும் நொடிக்கு 80 முறை எரிபொருள் வெடிக்கிறது. ஆகவே, 80 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு கனத்த உறுமலும், அதன் மடங்குகளான 160, 240, 320 ஹெர்ட்ஸ் என மேலே மேலே அடுக்கிய ஒலிகளும் உண்டாகின்றன. அவற்றோடு, உடற்பகுதியின் மேல் பாயும் காற்றின் சீற்றமும் கதவிடுக்குகளின் சீழ்க்கையும் சேர்ந்துகொள்கின்றன. பெரிய பயணிகள் விமானத்தின் சுவர்களில் தடித்த ஒலித்தடுப்பு உண்டு. சிறு விமானத்திற்கு எடை குறைவாக இருக்க வேண்டும். அதன் சுவர் மெல்லிய உலோகத் தகடுதான். தரையும் அதிர்கிறது. மனிதர் இருக்கையின் மெத்தையில் அமர்கிறார். நாயோ பல வேளைகளில் அந்தத் தரையிலேயே உடலைக் கிடத்துகிறது.

இனி நாயின் செவியைப் பார்ப்போம். நல்ல செவியுள்ள இளையவர் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்பார். நாயோ ஏறக்குறைய 67 முதல் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. கனத்த ஒலிகளில் மனிதருக்கே சிறிது மேம்பாடு உண்டு. கூர்மையான ஒலிகளில் நாய் நம்மை எங்கோ விட்டுச் சென்றுவிடுகிறது. 8,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளில் அதன் செவி மிகவும் நுட்பமானது. நம் காதுக்கு எட்டாத மிக மெல்லிய ஒலியும் அதற்குக் கேட்கும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் வளரும் நாய், வீட்டுக்காரர் மின்தூக்கியிலிருந்து வெளிவருவதற்கு முன்பே வாசலில் போய் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அங்குள்ள கேஎல் சென்ட்ரல் நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவிலும் பழகிய காலடி ஓசையைப் பிரித்தறியும் செவி அது. "நாய்க்கு எல்லா ஒலியும் நான்கு மடங்கு உரக்கக் கேட்கும்" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. நாயின் தனித்திறன், மெல்லிய ஒலியையும் உயர்ந்த அதிர்வெண்ணையும் பிடிப்பதில் இருக்கிறது.

செவியின் உள்ளே நடப்பது மனிதருக்கும் நாய்க்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒலி செவிப்பறையை அசைக்கிறது. மூன்று சிற்றெலும்புகள் அந்த அசைவை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தையின் ஓட்டைப்போல் சுருண்ட ஓர் உறுப்பு திரவம் நிறைந்து இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய மயிரிழை அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. திரவம் அலைபாயும்போது அந்த இழைகள் வளைந்து, ஒலியை மின்சமிக்ஞையாக்கி நரம்பின்வழி மூளைக்கு அனுப்புகின்றன. காற்றில் சாயும் நெற்பயிரைப்போல் மிதமான ஒலியில் அவை வளைந்து நிமிரும். கடும் புயலில் பயிர் படுத்துவிடுவதுபோல் பேரிரைச்சலில் அவையும் படுத்துவிடும். சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஓய்வு கிடைத்தால் பல அணுக்கள் மீண்டும் எழுந்துவிடும். இதுவே தற்காலிகச் செவித்திறன் குறைவு. இரைச்சல் மிகையானாலோ அடிக்கடி நேர்ந்தாலோ அணுக்கள் மடிந்துவிடும். கோழிக்கும் மீனுக்கும் இவ்வணுக்கள் மறுபடி முளைக்கும். பாலூட்டிகளாகிய நமக்கும் நாய்க்கும் அந்தப் பேறு இல்லை. போனது போனதுதான்.

மனிதர் என்றால், "காதில் கொய்யென்று கேட்கிறது" என்று சொல்லிவிடுவார். நாய் அதனைச் சொல்வதில்லை. தலையை உதறும், முன்காலால் காதைத் தேய்க்கும், அதற்கு மேல் அதனிடம் மொழி இல்லை. அதுமட்டுமன்று, செவி மங்கிய நாய் கண்ணையும் மூக்கையும் கொண்டு அக்குறையை மறைத்து வாழக் கற்றுக்கொள்கிறது. உணவுக் கிண்ணத்தை எடுக்கும் கையைப் பார்த்து ஓடி வரும் நாய்க்குக் கிண்ணத்தின் ஓசை கேட்கவில்லை என்பதை யார் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கிறது. நாயின் காதருகே சிறு ஒலிகளை எழுப்பி, தலையில் பொருத்திய மின்முனைகளின்வழி மூளைத்தண்டில் எழும் சமிக்ஞையைப் பதிவு செய்வார்கள். நாய் எதுவும் சொல்லத் தேவையில்லை; நரம்பே விடை சொல்லிவிடும். இச்சோதனையைப் பயன்படுத்திய ஓர் ஆய்வு 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. பல நாய்கள் ஒன்றாக அடைத்து வைக்கப்பட்ட கூடங்களில் குரைப்பொலியே 100 டெசிபலைத் தாண்டியது. அங்கு ஆறு மாதம் இருந்த 14 நாய்களைச் சோதித்தபோது பதினான்கின் செவித்திறனிலும் மாற்றம் தெரிந்தது.

2014ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. நோயறிய உடலைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரம் பேரிரைச்சல் எழுப்பும். நாயை அதற்குள் வைக்கும்போது மயக்க மருந்து கொடுத்தே வைப்பார்கள். அது தூங்குகிறது, எதையும் உணர்வதில்லை, அச்சமும் இல்லை. ஆயினும், வெளியே வந்த பின் சோதித்தபோது உட்செவியின் செயல்பாடு குறைந்திருந்தது. நாய் அஞ்சுகிறதா இல்லையா என்பது ஒன்று. அதன் செவி பாதிக்கப்படுகிறதா இல்லையா என்பது வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் விமானத்தில் அமைதியாகப் படுத்திருக்கும் நாயைப் பார்த்து மனிதர் ஏமாறுகிறார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இக்குழப்பம் இராணுவப் பயிற்சியிலேயே இருந்தது எனலாம். பிரிட்டிஷ் வான்குடைப் படையினர் சில நாய்களை வான்குடையோடு குதிக்கப் பழக்கினர். விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கும் விமானத்திற்குள் அந்த நாய்களை மணிக்கணக்கில் உட்கார வைப்பது பயிற்சியின் ஒரு பகுதி. அவ்வாறு பழகிய 'பிங்' என்னும் நாய் 1944 ஜூன் 6ஆம் நாள் பிரான்சின் நார்மண்டியில் குதித்தது. 1947இல் வீர விலங்குகளுக்கான டிக்கின் பதக்கமும் பெற்றது. மணிக்கணக்கான அந்தப் பயிற்சி அதன் அச்சத்தைப் போக்கியிருக்கும். ஆனால், அச்சம் போகப் போக மயிரிழை அணுக்கள் உறுதியாவதில்லை. பழக்கம் மனத்திற்குத்தான் கவசம், செவிக்கு அன்று.

வளர்ப்பு நாயின் செவி மங்கினால் அது வீட்டாருக்கு வருத்தம். பணி நாயின் செவி மங்கினால் மனித உயிரும் ஆபத்தில் சிக்கலாம். மலேசியத் தீயணைப்பு, மீட்புத் துறையிடம் இடிபாடுகளில் மனிதரைத் தேடும் மோப்ப நாய்கள் இருக்கின்றன. 2022 டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலை, சிலாங்கூரின் பத்தாங் காலியில் முகாம் தளத்தின்மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தபோது, சேற்றுக்குள் புதைந்தவர்களைத் தேடும் பணியில் இந்நாய்களும் இறங்கின. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்திற்குப் பின் அங்கு சென்ற மலேசிய மீட்புக் குழுவினரோடு டென்டி, ஃபிரேங்கி என்னும் இரு நாய்களும் சென்றன. தேடுவது மூக்கு, ஆனால், மூக்கை வழிநடத்துவது செவி. "நில்", "திரும்பு", "இடப்பக்கம்" என்று பயிற்றுநர் தொலைவிலிருந்து இடும் கட்டளையைக் கேட்டே நாய் சாயவிருக்கும் சுவரைவிட்டு விலகுகிறது.

இப்போது, இத்தகைய நாய் ஒன்று ஹெலிகாப்டரில் மலையடிவாரத்தில் போய் இறங்குவதாக எண்ணிப் பாருங்கள். ஹெலிகாப்டரின் உள்ளே இரைச்சல் சிறு விமானத்தைவிட மிகுதி. அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டு தெரிவித்த செய்தி இங்கு முக்கியமானது. குறுகிய ஹெலிகாப்டர் பயணம்கூட நாயின் செவித்திறனைத் தற்காலிகமாகக் குறைத்து, பயிற்றுநரின் குரல் கேட்காத நிலையை உண்டாக்கக்கூடும் என்று அவர்கள் கண்டார்கள். தன் வேலை தொடங்கும் நேரத்தில் நாய் பாதிச் செவிடாக இறங்குகிறது. அது சொல் கேட்கவில்லை என்று பயிற்றுநர் சினம் கொள்ளவும் கூடும். இக்குறையைப் போக்க நாய்க்கென்றே ஒரு முக்காடு உருவாக்கப்பட்டது. தலையையும் காதுகளையும் இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளும் மென்மையான துணிக்குள் ஒலியை உறிஞ்சும் பொருள் வைத்துத் தைக்கப்பட்டது அது. ஹெலிகாப்டர் பயணத்திலும் அது செவித்திறன் இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது.

மனிதர் பயன்படுத்தும் பஞ்சுச் செருகியை நாயின் காதில் வைத்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். போதாது. நம் செவிக்குழல் ஏறக்குறைய நேராக உள்ளே செல்கிறது. நாயின் குழலோ முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு செவிப்பறையை நோக்கி வளைகிறது. 'ட' எழுத்தை ஒத்த அந்த வளைவில் செருகி சரியாக அமராது. அமர்ந்தாலும் நாய் ஒருமுறை தலையை உதறினால் தெறித்துவிடும். தெறிக்காமல் உள்ளே நழுவினால் அதைவிடத் தொல்லை; கால்நடை மருத்துவரிடம்தான் ஓட வேண்டியிருக்கும். ஆகவே, உள்ளே செருகுவதைவிட வெளியே மூடுவதே நாய்க்கு ஏற்றது.

வெளியே மூடுவதற்கு இரண்டு வகைக் கவசங்கள் உண்டு. ஒன்று, விமானியின் ஹெட்செட்டை ஒத்த காதுக் கவசம். இரண்டு குவளைகள் காதுகளை மூட, தாடைக்கும் தொண்டைக்கும் அடியில் வார்கள் அதனைப் பிடித்துக்கொள்ளும். சிறு விமானங்களில் நாயோடு பறப்பவர்களுக்கு இது நன்கு அறிமுகமானது. மற்றொன்று மேலே சொன்ன முக்காட்டு வகை. கடையில் விற்கும் எல்லா முக்காடும் ஒன்றல்ல. சாதாரண மீள்துணி முக்காடு நாய்க்கு ஓர் அணைப்பு உணர்வைத் தந்து அமைதிப்படுத்தலாம், ஆனால் இரைச்சலைச் சிறிதளவே குறைக்கும். நாய்களின் தலை பலவகை என்பதும் ஒரு சிக்கல். டாஷ்ஹவுண்டின் தலைக்குத் தைத்தது ரோட்வைலருக்குப் பொருந்தாது. குவளையின் விளிம்பிற்கும் தோலுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் இரைச்சல் அதன்வழி புகுந்துவிடும். வாருக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். குவளையோ முழுவதும் ஒட்டி அமர வேண்டும்.

எந்தக் கவசமும் இரைச்சலை முழுமையாக நிறுத்துவதில்லை. உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை அது நன்றாகத் தடுக்கும். 80 ஹெர்ட்ஸ் உறுமல்போன்ற கனத்த ஒலிகளை மெல்லிய பொருள்களால் தடுப்பது கடினம். தரையின் அதிர்வோ உடல் வழியாகவே ஏறி வரும். எனவே, கவசத்தோடு வேறு சிலவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. நாயின் கூண்டுக்கு அடியில் தடித்த நுரைமெத்தை இட வேண்டும். இடம் இருந்தால், விசிறிக்கும் இயந்திரத்திற்கும் அருகிலுள்ள முன்பகுதியைத் தவிர்த்துப் பின்பகுதியில் அதனைப் படுக்க வைக்க வேண்டும். பயணத்தைச் சுருக்குவதும் ஒரு பாதுகாப்பே.

கவசத்தை வாங்கி, பறக்கும் நாளன்று முதன்முறையாக மாட்டினால் என்ன நடக்கும்? நாய் அதைப் பிடுங்கி எறியும். அதன் தலையில் அதுவரை யாரும் எதையும் கட்டியதில்லை. ஆகவே, பயிற்சி வீட்டிலேயே, பல நாள்களுக்கு முன்னரே தொடங்க வேண்டும். முதல் நாள் கவசத்தைத் தரையில் வைத்து முகரவிட்டு, முகர்ந்தவுடன் விருப்பமான தின்பண்டம் ஒன்று தர வேண்டும். மறுநாள் தலையில் தொட்டு எடுக்க வேண்டும். பிறகு ஐந்து நொடி அணிவித்துக் கழற்ற வேண்டும். நாய் பிடுங்கும் முன் மனிதர் கழற்றிவிட வேண்டும் என்பதே இதில் சூட்சுமம். பிடுங்கினால் போய்விடும் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட நாயை மாற்றுவது எளிதன்று. கவசத்தோடு பத்து நிமிடம் அமைதியாகப் படுக்கத் தொடங்கிய பிறகு, கைப்பேசியில் பதிந்த விமான ஒலியை மிக மெல்ல ஒலிக்கவிட்டு, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். அதன்பின் காரில் ஒரு சுற்று. பிறகு நிறுத்தி வைத்திருக்கும் விமானத்திற்குள் இயந்திரம் ஓடாதபோது சற்று நேரம். அவசரப்பட்டால் முதல் படிக்கே திரும்ப வேண்டிவரும்.

செவிக்குள் நோய் இருந்தால் கவசம் கூடாது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில், தொங்கும் காதுள்ள நாய்களுக்குச் செவித் தொற்று அடிக்கடி வருகிறது. நாற்றமோ கறுத்த அழுக்கோ சிவப்போ தென்பட்டால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூடிய கவசம் அந்த ஈரத்தை மேலும் தேக்கிவிடும். நாயை அமைதிப்படுத்த வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுப்பதும் ஆபத்தானது. தூக்க மருந்து நாயின் இரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தைச் சமப்படுத்தும் திறனையும் குறைக்கக்கூடும். உயரத்தில் அது வினையாகிவிடும். மேலும், எம்.ஆர்.ஐ. ஆய்வு காட்டியதுபோல், தூங்கும் நாயின் செவியும் கெடவே செய்யும்.

வெப்பத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர்நாட்டு நூல்கள் இதை அதிகம் பேசுவதில்லை. சுபாங்கில் நண்பகல் வெயிலில் நிற்கும் சிறு விமானத்தின் உள்ளே காற்று அடுப்பைப்போல் இருக்கும். நாய் தோலால் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தலையைச் சுற்றி முக்காடு கட்டி, தாடையை வாரால் இறுக்கிவிட்டால் அது வாயை நன்கு திறந்து இரைக்க முடியாது. எனவே, காலையில் பறப்பது நல்லது. இயந்திரத்தை முடுக்குவதற்குச் சற்று முன்புதான் கவசத்தை மாட்ட வேண்டும். வார் வாயைத் திறக்க விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே சிரமம். அவற்றைப் பறக்க அழைத்துச் செல்லாமலிருப்பதே மேல்.

விமானத்தில் ஏற்றும் வரிசையும் முக்கியம். நாய் முதலில் உள்ளே ஏற வேண்டும், கதவு மூட வேண்டும், பிறகே இயந்திரம். இறங்கும்போது இயந்திரம் நின்று, விசிறி முற்றிலும் ஓய்ந்த பின்னரே கதவு திறக்க வேண்டும். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரிவதில்லை. பேரிரைச்சலில் திகைத்த நாய் எத்திசையில் ஓடும் என்பதைச் சொல்ல இயலாது. கவசம் அணிந்த நாய்க்கு அழைக்கும் குரலும் சரியாகக் கேட்காது. கழுத்து வார் கையில் இருக்க வேண்டும்.

இரைச்சலைத் தவிர, காற்றழுத்தமும் செவியைத் தொல்லைப்படுத்தும். விமானம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது. நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையே உள்ள சிறு குழல் திறந்தால்தான் இரு பக்க அழுத்தமும் சமமாகும். மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவார், அல்லது மிட்டாய் மெல்லுவார். நாயிடம் "ஊது" என்று சொல்ல முடியாது. ஆனால், மெல்லவும் விழுங்கவும் வைக்க முடியும். இறங்கத் தொடங்கும்போது மெல்லும் எலும்புத் துண்டையோ சிறு சிறு தின்பண்டங்களையோ தந்தால் விழுங்கும்போதெல்லாம் குழல் திறக்கும். விமானி நிமிடத்திற்கு 150 மீட்டரளவில் மெல்ல இறக்கினால் நாய்க்கும் மனிதருக்கும் நல்லது.

சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் சிலரே. ஆனால், விமானத்தைவிட உரத்த ஓர் ஒலி ஆண்டுதோறும் இங்குள்ள தெருக்களுக்கே வருகிறது. தீபாவளி நெருங்கும்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலையும் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களும் விளக்குகளால் ஒளிர்கின்றன. குடியிருப்புகளில் பட்டாசு வெடிக்கிறது. அருகில் வெடிக்கும் பட்டாசின் உச்ச ஒலி 140 டெசிபலையும் தாண்டலாம். அது நொடிப்பொழுதுதான், என்றாலும், மயிரிழை அணுக்களை மடிக்க அந்த நொடி போதும். விமானத்திற்குச் சொன்னவை இங்கும் பொருந்தும். கவசம் பழகிய நாய்க்கு அதனை அணிவிக்கலாம். பழகாத நாய்க்குத் தொலைவே கவசம்: திறந்த வெளியில் வெடிக்கும் இடத்திலிருந்து தொலைவு இரண்டு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். தெருவை ஒட்டிய வாசலில் கட்டி வைப்பதைவிட, வீட்டின் நடு அறையில் சன்னல்களை அடைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, கட்டிலுக்கு அடியில் பழைய போர்வையோடு ஓர் இடம் தந்தால் அது அங்கே ஒடுங்கிக்கொள்ளும். பாதுகாப்பான இடத்தைத் தேடும் நாயை வெளியே இழுக்கக்கூடாது.

2017ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் விலங்கின் தேவைகளை நிறைவு செய்யவும் அதனைத் துன்பத்திலிருந்து காக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. செவி பாதிக்கப்பட்டுள்ளதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கவும் முடியும். நாய் தூங்கும்போது அதன் பின்புறம் நின்று, காற்றும் தரை அதிர்வும் எட்டாத தொலைவிலிருந்து சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கிப் பார்க்கலாம். காது அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். பறப்பதற்கு முதல் நாள் ஒருமுறையும் பறந்து வந்த அன்று ஒருமுறையும் இதைச் செய்தால் வேறுபாடு தெரியும். முன்பு உடனே திரும்பிய நாய் இப்போது அசையாமல் படுத்திருந்தால், அச்செவிக்கு ஓய்வு வேண்டும். அன்றிரவு அதனைப் பட்டாசு வெடிக்கும் தெருவிற்கோ ஒலிபெருக்கி முழங்கும் திருமண மண்டபத்திற்கோ அழைத்துச் செல்லாமல், அமைதியான அறையில் படுக்க விட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழிந்தும் சாவியின் ஓசைக்கு அது திரும்பவில்லையென்றால், மருத்துவரிடம் செல்லும்போது பறந்த நாளையும் பயண நேரத்தையும் கவசம் அணிந்ததா என்பதையும் குறித்து எடுத்துச் செல்வது அவருக்குப் பேருதவியாக இருக்கும்.